பக்கிங்காம் கால்வாய்: பெயர் ஒரு டியூக்குடையது, மண் சுமந்தது யார்?

சடையங்குப்பத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே ஓடுவது பக்கிங்காம் கால்வாய். ஓடுகிறது என்று சொல்வதே கொஞ்சம் மரியாதைக்குத்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் கறுத்துப்போய், அசையாமல் கிடக்கும். பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்து, கொசஸ்தலை ஆறு நிரம்பி வந்தால் மட்டும் அதற்கு உயிர் வரும். அந்த வாரம் சடையங்குப்பம், பர்மா நகர், மணலி புதுநகர் மக்களுக்குத் தூக்கம் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து, இதே கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவியது நினைவிருக்கும்.

வட சென்னைக்காரர்கள் தினமும் சொல்கிற பெயர் இது. ஆனா யார் அந்த பக்கிங்காம்? லண்டன் அரண்மனைக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்கா? அவர்தான் கால்வாயை வெட்டினாரா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமா சொன்னா...

• முழுப்பெயர்: ரிச்சர்ட் பிளான்டாஜெனெட் கேம்ப்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். பட்டம்: பக்கிங்காம் மற்றும் சாண்டோஸின் 3-வது டியூக்.
• பிறப்பு 1823, இறப்பு 1889.
• 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநர். அந்தக் காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது.
• லண்டன் அரண்மனையின் பெயர் வேறொரு பக்கிங்காமிடம் இருந்து வந்தது. 1703-ல் அந்த இடத்தில் வீடு கட்டிய ஜான் ஷெஃபீல்டு என்பவர் அவர். நம்ம டியூக்கின் குடும்பம் வேறு.

சொத்து போன வீட்டுப் பிள்ளை

டியூக் என்றதும் பணத்தில் புரண்டவர் என்றுதான் நினைப்போம். இவர் கதை கொஞ்சம் வேறு.

இங்கிலாந்தில் பக்கிங்காம் என்ற சிறு ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோவ் என்று ஒரு மாளிகை இருக்கிறது. இவருடைய முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி, தோட்டம் போட்டு, சிலை வைத்து அலங்கரித்த இடம். 1822-ல் தாத்தாவுக்கு டியூக் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு பேரன் ரிச்சர்ட் பிறந்தார். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு என்று வழக்கமான பிரபு வீட்டுப் படிப்பு.

அப்பா, அதாவது 2-வது டியூக், கை ஓட்டை. கடன் வாங்கி நிலம் வாங்குவார்; அந்த நிலத்தைக் காட்டி மறுபடி கடன் வாங்குவார். 1845-ல் விக்டோரியா ராணி ஸ்டோவுக்கு விருந்தாளியாக வந்தபோது, வீட்டை இழைத்து இழைத்து அலங்கரித்தார். எல்லாம் கடன் காசு. இரண்டே ஆண்டில் கடன்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. 1848-ல் மாளிகையில் இருந்த ஓவியம், சிலை, வெள்ளிச் சாமான், மேஜை நாற்காலி எல்லாம் ஏலத்துக்குப் போயின. ஏலம் 40 நாள் நடந்தது. வந்தது சுமார் 75,000 பவுண்டு. கடலில் கரைத்த பெருங்காயம்.

அப்போது ரிச்சர்டுக்கு 25 வயது. பூர்வீகச் சொத்தை அப்பா அடமானம் வைக்க ஏதுவாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரும் அவரே. அதன் பிறகு மிச்சம் இருந்த நிலத்தைத் தானே ஏற்று, கணக்குப் பார்த்து, செலவைச் சுருக்கி, குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதே அவருக்கு வேலையாகிவிட்டது. ஒவ்வொரு பைசாவையும் எண்ணிச் செலவு செய்கிற பழக்கம் அப்போது வந்தது.

டியூக் இல்லை, ரயில்காரர்

பிரபு வீட்டுப் பிள்ளைகள் பொதுவாக வேலைக்குப் போக மாட்டார்கள். இவர் போனார். 1853-ல் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே நிறுவனத்தின் தலைவரானார். அன்றைய பிரிட்டனின் மிகப்பெரிய ரயில் கம்பெனிகளில் ஒன்று அது. எட்டு ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார். 1861-ல் அப்பா இறந்தபின் டியூக் பட்டம் இவருக்கு வந்தது. அப்பா இறந்தது மாளிகையில் இல்லை. லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில்.

ரயில் ஆசை அதோடு விடவில்லை. 1871-ல் தன் பண்ணை நிலங்களுக்குள்ளேயே சொந்தமாக ஒரு சின்ன ரயில் பாதை போட்டார். அறுவடையும் பாலும் சந்தைக்குப் போக வசதியாக இருக்கட்டும் என்று குதிரை இழுக்கும் வண்டியில் தொடங்கியது, சீக்கிரமே நீராவி எஞ்சினுக்கு மாறியது. அவர் இறந்த பிறகு அந்தப் பாதை லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயிலோடு சேர்ந்தது. 1935-ல் மூடும்வரை லண்டன் சுரங்க ரயில் அமைப்பின் ஒரு கோடி வயல்வெளிக்கு நடுவே பிரில் என்ற கிராமத்தில் முடிந்தது. அது இவர் போட்ட தண்டவாளம்.

நடுவில் அரசியலும் இருந்தது. 1867-ல் காலனிகளுக்கான அமைச்சரானார். கனடா ஒரே கூட்டமைப்பாக உருவானது அவர் அந்தப் பதவிக்கு வந்த சில மாதங்களில். 1874-ல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு, மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பனான 52 வயது டியூக், சென்னை மாகாண ஆளுநராகக் கப்பல் ஏறினார்.

இங்கிலாந்திலும் ஒரு பக்கிங்காம் கால்வாய்

இவர் சொந்த ஊரிலும் ஒரு கால்வாய் உண்டு. லண்டனையும் பர்மிங்காம் பக்கத்தையும் இணைத்த கிராண்ட் ஜங்ஷன் கால்வாயில் இருந்து பிரிந்து, பக்கிங்காம் ஊர் வரைக்கும் போன கிளை அது. 1801-ல் திறந்தது. அதற்கு முன்நின்று பாடுபட்டவர் இவருடைய கொள்ளுத்தாத்தா.

அந்தக் கிளை பிரிகிற இடம் காஸ்க்ரோவ் என்ற கிராமம். அங்கே கால்வாய்க்கு மேலே 1800-ல் கட்டிய ஒரு கல் பாலம் இன்றும் நிற்கிறது. சாலமன் பாலம் என்று பெயர். படகு போகிற பாலத்துக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று கேட்கும் அளவுக்கு, பழைய தேவாலய ஜன்னல் போல வளைவும் செதுக்கலுமாக இருக்கும். அந்தக் காலத்தில் குதிரை கரையில் நடந்தபடி கயிற்றால் படகை இழுக்கும். கயிறும் குதிரையும் தடங்கல் இல்லாமல் கடக்கும்படி ஆங்கிலேயக் கால்வாய்ப் பாலங்கள் பல அமைந்தன.

அந்தக் கால்வாயின் கதையை முடித்தது ரயில். 1850-ல் பக்கிங்காம் ஊருக்கு ரயில் வந்ததும் சரக்கு அதற்கு மாறியது. கிளைக் கால்வாய் மெல்லத் தூர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. ரயிலைக் கொண்டுவருவதில் முனைப்பாக இருந்த குடும்பம் இவர்களுடையது. கால்வாயின் சரக்கு போன இடத்தில் தலைவராக உட்கார்ந்தவர் இவர். அப்படிப்பட்டவர் பெயர், கடல் கடந்து இன்னொரு கால்வாய்க்கு வந்து ஒட்டிக்கொண்டது.

சடையங்குப்பம் பக்கம் வெட்டியது யார்?

இது முக்கியமான கேள்வி. சடையங்குப்பத்தை ஒட்டிப் போகும் பகுதியை டியூக் வெட்டவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அது வெட்டி முடிந்துவிட்டது.

பேசில் காக்ரேன் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கம்பெனி உத்தியோகத்தில் சென்னைக்கு வந்து, ஒப்பந்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். அவர் முதலீட்டில் 1806-ல் சென்னையில் இருந்து எண்ணூர் வரைக்கும் சுமார் 11 மைல் நீளத்துக்குக் கால்வாய் உருவானது. காக்ரேன் கால்வாய் என்றுதான் பல காலம் பெயர். படகுக்குச் சுங்கம் வாங்கி லாபம் பார்த்தார்கள். 1837-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு பழவேற்காடு தாண்டி வடக்கே நீண்டது. கிழக்குக் கடற்கரைக் கால்வாய் என்ற பெயரும் வந்தது.

அந்தப் பழைய கால்வாயின் தடம் வட சென்னையில் இன்னும் இருக்கு. படகுகள் வந்து நின்று, சரக்கு இறக்கி, திரும்பிப் போகத் தோண்டிய நீர்த்தேக்கத்துக்கு ஆங்கிலத்தில் பேசின் என்று பெயர். அதை ஒட்டிய பாலம்தான் பேசின் பிரிட்ஜ். தினமும் அந்த ரயில் நிலையத்தைக் கடந்து வேலைக்குப் போகிற பலருக்கு, அந்தப் பெயரில் ஒரு படகுத்துறை ஒளிந்திருப்பது தெரியாது. கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் ரோடு இருக்கிறதே, அதுவும் இவர் பெயர்தான்.

தாது வருஷம்: மழை பொய்த்தது, விலை ஏறியது

டியூக் சென்னையில் இறங்கியது 1875 நவம்பர். அடுத்த மாதமே வேல்ஸ் இளவரசர் வந்தார், சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். விழா, வரவேற்பு என்று தொடங்கிய பதவி.

1876-ல் தென்மேற்குப் பருவமழையும் ஏமாற்றியது, வடகிழக்கும் ஏமாற்றியது. பசிபிக் கடல் சூடேறி உலகின் மழையையே புரட்டிப்போட்ட எல் நினோ ஆண்டுகள் அவை. அதே சமயத்தில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் பஞ்சம். இங்கே தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். கும்மிப் பாட்டாகக்கூடப் பாடினார்கள்.

மழை இல்லாததால் மட்டும் இத்தனை பேர் சாகவில்லை. தானியம் இருந்தது. ரயிலும் இருந்தது. ஆனால் விலை ஏறும் என்று தெரிந்ததும் வியாபாரிகள் பதுக்கினார்கள். விளைந்த ஊரில் இருந்து தானியத்தை விலை கிடைக்கிற ஊருக்கு ரயில் இழுத்துக்கொண்டு போனது. கூலிக்காரர், நெசவாளர், நிலமில்லாதவர் கையில் வேலையும் இல்லை, காசும் இல்லை. கடையில் அரிசி இருந்தும் வாங்க வழியில்லை.

டியூக் என்ன செய்தார்?

முதலில் அவர் செய்தது அன்றைய அரசுக் கொள்கைக்கு நேர் எதிரானது. 1876 கடைசியில், ஒரு வணிக நிறுவனம் வழியாகச் சத்தமில்லாமல் சுமார் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். அரசே சந்தையில் இறங்கினால் விலை கட்டுப்படும் என்பது சென்னை அரசின் கணக்கு.

விஷயம் வைஸ்ராய் லிட்டனுக்குப் போனது. அவருக்குப் பிடிக்கவில்லை. தானிய வியாபாரத்தில் அரசு தலையிட்டால் தனியார் வியாபாரிகள் ஒதுங்கிவிடுவார்கள், சந்தை தானாகவே சரியாகும் என்பது அவர் நிலை. கண்டனம் வந்தது. தானியக் கொள்முதல் நின்றது.

அதே நேரத்தில் டெல்லியில் பெரிய விழா ஒன்று. விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கும் தர்பார், 1877 ஜனவரி 1-ம் தேதி. மாகாண ஆளுநர்கள் எல்லாம் வர வேண்டும். சென்னை மாகாணத்தில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தபோது டியூக் டெல்லி போய்வந்தார். அவர் வாழ்க்கையில் மன்னிக்க முடியாத பக்கம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. கட்டளை, போகாமல் இருக்க முடியாது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படிச் சொன்னாலும், பஞ்சம் முற்றிய வேளையில் மாகாணத்தின் தலைமை ஊரில் இல்லை.

ஒரு பவுண்டு தானியம்

1877 ஜனவரியில் லிட்டன் ஒரு சிறப்பு அதிகாரியை தெற்கே அனுப்பினார்: சர் ரிச்சர்ட் டெம்பிள். டியூக்கின் நீளமான பெயரிலும் டெம்பிள் இருக்கு, ரிச்சர்டும் இருக்கு. இருவரும் வேறு வேறு ஆள்.

டெம்பிளுக்கு ஒரு முன்கதை உண்டு. 1874-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவில் இருந்து லட்சக்கணக்கான டன் அரிசி இறக்கி, சாவே இல்லாத அளவுக்கு அதைச் சமாளித்தவர் அவர். பாராட்டுக்குப் பதில் வசைதான் கிடைத்தது. அரசுப் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று லண்டன் வரை ஏசினார்கள். அந்தக் காயத்தோடு சென்னைக்கு வந்தவர், இந்த முறை சிக்கனத்தில் பெயர் வாங்க முடிவு செய்தார்.

நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. உடம்பில் தெம்பிருப்பவர்களுக்கு வீட்டில் இருந்து பத்து மைலுக்கு அப்பால்தான் வேலை கொடுக்க வேண்டும் என்றும் ஒரு விதி. உண்மையாகவே பசியில் இருப்பவன் மட்டும் அவ்வளவு தூரம் வருவான் என்பது கணக்கு.

வரலாற்றாளர் மைக் டேவிஸ் பிற்காலத்தில் இந்தக் கூலியைக் கலோரியாக மாற்றிக் காட்டினார்: 1,627. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் 1944-ல் கைதிகளுக்குக் கொடுத்தது 1,750 என்று பக்கத்திலேயே எழுதி வைத்தார். மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க மண் வெட்டுகிற உடம்புக்கு 3,000 கலோரி பக்கம் தேவைப்படும்.

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் சென்னை அரசுக்குள்ளேயே இருந்தார். சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். சோற்றை மட்டும் எடை போட்டால் போதாது, பருப்பும் வேண்டும், இந்தக் கூலியில் வேலை வாங்கினால் ஆள் செத்துப்போவான் என்று மருத்துவக் கணக்கோடு வாதாடினார். முகாம்களில் சாவு எண்ணிக்கை ஏற ஏற, 1877 நடுவில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. டியூக் கார்னிஷ் பக்கம் நின்றார். ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

1877 ஆகஸ்டில் இன்னொரு துணிச்சலும் செய்தார். சென்னையில் பொதுக்கூட்டம் கூட்டி, லண்டன் மேயர் வழியாகப் பிரிட்டிஷ் மக்களிடம் நேரடியாக உதவி கேட்டார்கள். லட்சக்கணக்கான பவுண்டு நன்கொடை வந்தது. நிதிக்குழுவின் செயலாளராக இருந்த பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி, பின்னால் இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதி நூல் எழுதினார். தன் ஆட்சியின் தோல்வியை ஊருக்குப் பறைசாற்றியதாக லிட்டனுக்கு மறுபடியும் கோபம். அந்த மாதக் கடைசியில் அவரே சென்னை வந்தார். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வேலை கொடுப்பதை நிறுத்தி, பெரிய பொதுப்பணிகளில் ஆட்களைக் குவிக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. டியூக் இறங்கிப்போனார்.

எட்டு கிலோமீட்டர்

அந்தப் பெரிய வேலைகளில் ஒன்று நம்ம கால்வாய்.

வடக்கே இருந்து வரும் பழைய காக்ரேன் கால்வாய் கூவம் பக்கத்தோடு நின்றது. தெற்கே அடையாற்றுக்கு அப்பால் மாமல்லபுரம் பக்கம் போகும் கால்வாய் தனியாகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் நகரம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க சுமார் 8 கிலோமீட்டர் வெட்ட வேண்டும். 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக அதை வெட்டினார்கள். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் என்று மெரினாவுக்கு முதுகுப்புறமாகப் போகிற பகுதி அது.

எந்திரம் கிடையாது. மண்வெட்டி, கடப்பாரை, கூடை. ஆண்கள் வெட்ட, பெண்களும் பிள்ளைகளும் கூடையில் மண் சுமந்து கரையில் கொட்டுவதுதான் அன்றைய நிவாரண வேலைகளின் முறை. பல மாதம் சாப்பாடு குறைந்து, காலரா பயத்தோடு, கிராமத்தை விட்டு வந்தவர்கள். எத்தனை பேர் வேலை செய்தார்கள், அதில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்று கரையில் ஒரு கல்வெட்டுகூடக் கிடையாது.

1878-ல் வடக்கும் தெற்கும் இணைந்த நீண்ட கால்வாய்க்கு ஆளுநர் பெயர் வைத்தார்கள். 70 ஆண்டுக்கு முன் காக்ரேன் காசில் வெட்டிய எண்ணூர்ப் பகுதியும், அன்று பசியோடு வெட்டிய மயிலாப்பூர்ப் பகுதியும் ஒரே பெயருக்குள் போய்விட்டன. பெரம்பூரில் 1876-ல் தொடங்கிய பக்கிங்காம் மில்லும் இவர் பெயர்தான். பின்னாளில் கர்நாடிக் மில்லோடு சேர்ந்து பி அண்ட் சி மில் ஆகி, வட சென்னையின் தொழிற்சங்க வரலாற்றுக்கே களமானது அது.

எத்தனை பேர் இறந்தார்கள்?

சென்னை மாகாணத்தில் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் என்பது டிக்பியின் மதிப்பீடு. தக்காணம், மைசூர், பம்பாய் எல்லாம் சேர்த்தால் 55 லட்சத்தில் தொடங்கி 80 லட்சத்துக்கு மேல் போகிறது கணக்கு. 1877 கடைசியில் மழை வந்தபோது காய்ச்சலும் சேர்ந்து வந்தது. பசியில் தப்பியவர்களை அது கொண்டுபோனது. 1871 மக்கள்தொகைக் கணக்கைவிட 1881 கணக்கில் சென்னை மாகாண மக்கள்தொகை குறைந்திருந்தது. பத்து வருஷத்தில் ஒரு மாகாணமே சுருங்கியது. பிழைக்க வழியின்றி இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் இன்னொரு பக்கம்.

நல்லவரா, கெட்டவரா?

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இல்லை. தானியம் வாங்கியது, கார்னிஷ் பேச்சைக் கேட்டது, லண்டனில் உதவி கேட்டது எல்லாம் அவர் கணக்கில் வரவு. அவர் இடத்தில் லிட்டனின் சொல்லுக்கு முதல் நாளே தலையாட்டும் ஆள் இருந்திருந்தால் சாவு இன்னும் கூடியிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் மேலிடம் முறைத்ததும் பின்வாங்கியவரும் அவரே. ராஜினாமா செய்கிறேன் என்று மேஜையைத் தட்டியிருக்கலாம். பெரிய குடும்பம், லண்டனில் செல்வாக்கு, முன்னாள் அமைச்சர் என்ற மதிப்பு எல்லாம் இருந்தது. லிட்டனைவிடப் பெரிய பட்டம் அவருடையது. அதைப் பஞ்சத்தில் தவித்தவர்களுக்காக முழுதாகச் செலவழிக்கவில்லை.

1880 டிசம்பரில் பதவி முடிந்து ஊர் திரும்பினார். 1885-ல் மறுமணம். கடைசிக் காலத்தில் பிரபுக்கள் சபையில் குழுக்களின் தலைவராக இருந்தார். 1889 மார்ச் 26-ம் தேதி இறந்தார். ஆண் வாரிசு இல்லாததால் டியூக் பட்டம் அவரோடு முடிந்தது. ஸ்டோவ் மாளிகை 1923-ல் ஒரு பள்ளிக்கூடமானது. குடும்பப் பட்டம் 67 ஆண்டுதான் நின்றது. சென்னையில் கால்வாய்க்கு வைத்த பெயர் அதைப்போல இரண்டு மடங்கு காலம் தாண்டியும் நிற்கிறது.

அந்தப் பஞ்சம் நமக்கு விட்டுப்போனது என்ன?

முதலாவது, சட்டம். இத்தனை சாவுக்குப் பிறகு அமைத்த பஞ்ச விசாரணைக் குழு 1880-ல் அறிக்கை கொடுத்தது. அதில் இருந்து பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் பிறந்தன. பஞ்சம் வருவதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது, எப்போது வேலை தொடங்குவது, எவ்வளவு கூலி என்று எழுதி வைத்தார்கள். 2005-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நூறு நாள் வேலைச் சட்டத்தின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. வித்தியாசத்தையும் கவனிக்கணும். டெம்பிள் காலத்தில் பத்து மைலுக்கு அப்பால் போனால்தான் வேலை. 2005 சட்டத்தில் வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் கூடுதல் கூலி. அன்று அது சோதனை, பின்னால் அது உரிமை.

இரண்டாவது, கால்வாய். ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் இருந்து விழுப்புரம் மாவட்டம் வரை சுமார் 420 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டில் 163 கிலோமீட்டர், சென்னைக்குள் 31 கிலோமீட்டர் பக்கம். உப்பு, சவுக்கு விறகு, சுண்ணாம்புக் கிளிஞ்சல், அரிசி எல்லாம் பாய் விரித்தும் கழி ஊன்றியும் இதில் வந்தன. காற்று இல்லாத நாளில் ஆட்களே கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தார்கள். 1960-களின் புயல்களும் லாரிப் போக்குவரத்தும் அதை முடித்து வைத்தன. 2004 சுனாமியில் அலையின் தண்ணீரை வாங்கிக்கொண்டு பல கரையோரக் கிராமங்களைக் காப்பாற்றியதும் இந்தக் கால்வாய். 2008-ல் தேசிய நீர்வழி எண் 4-ன் பகுதியாக அறிவித்தார்கள்.

ஆனா சென்னைக்குள் படகு போக முடியுமா? பஞ்சத்தில் வெட்டிய அதே பகுதியில்தான் இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள் நிற்கின்றன. இங்கிலாந்தில் பக்கிங்காம் கால்வாயின் சரக்கை ரயில் எடுத்துக்கொண்டது. இங்கே இடத்தையே எடுத்துக்கொண்டது. அங்கே 1992-ல் ஒரு தன்னார்வக் குழு உருவாகி, தூர்ந்த கிளைக் கால்வாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி மீட்டு வருகிறது. வார இறுதியில் மண்வெட்டியோடு ஆட்கள் விருப்பப்பட்டு வருகிறார்கள்.

காக்ரேன், கிழக்குக் கடற்கரை, பக்கிங்காம் என்று இந்தக் கால்வாய்க்கு மூன்று பெயர் மாறியாச்சு. நான்காவது பெயர் தேடச் சொல்லவில்லை. சேப்பாக்கத்தில் ஏறி மயிலாப்பூரில் இறங்கும் பறக்கும் ரயில் பயணிகள், ஜன்னலுக்குக் கீழே தெரிகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறார்கள். அந்த நிலையங்களில் ஒன்றிலாவது, இதை வெட்டியவர்கள் தாது வருஷத்தில் பசியோடு வந்த கிராமத்து ஜனங்கள் என்று தமிழில் ஒரு பலகை வைக்கலாம். அதற்கு அதிகம் செலவாகாது.